ஏசி ஓடுகிறது, குளிரவில்லை: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்னால் என்ன பார்க்கலாம்?

கேட்டவர் பல்லடம் பக்கம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிலிட் ஏசி, வாங்கி மூன்று வருடம். காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "காஸ் போயிருக்கும், மூவாயிரத்து ஐநூறு ஆகும்" என்கிறாராம். அவரை வரச் சொல்வதற்கு முன்னால் வீட்டிலேயே எதையெல்லாம் பார்த்துவிடலாம் என்பது கேள்வி.

முதலில் அந்த காஸ் கதையை முடித்துவிடுகிறேன். ஏசியில் இருக்கும் காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். குழாயில் எங்கும் கசிவில்லை என்றால் பத்து வருடம் ஆனாலும் அதே காஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் காஸ் மட்டும் அடித்துவிட்டுப் போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை. அதனால் வீட்டுக்கே வராமல் போனில் "காஸ்" என்கிறவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். காஸ் போகவே போகாது என்று சொல்லவில்லை. அது பட்டியலில் கடைசியாக வர வேண்டிய பெயர் என்கிறேன்.

நான் ஏசி மெக்கானிக் இல்லை. சூலூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது ஓய்வு. மில்லுக்குள் காற்றின் ஈரம் குறைந்தால் நூல் அறும். அறுந்தால் முதலில் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலையில் படிந்த பழக்கம் ஒன்றுதான்: மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கரண்ட்டையும் காற்றையும் பார். வீட்டு ஏசிக்கும் அது அப்படியே பொருந்தும். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை வாரிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே வாருவதற்குக் காற்று வேண்டும், வெளியே கொட்டுவதற்கும் காற்று வேண்டும், நடுவில் சுமந்து போக கம்ப்ரசர் ஓட வேண்டும். எந்த இடத்தில் அடைத்துக்கொண்டதோ அங்கேதான் கோளாறு.

ரிமோட்டிலிருந்து தொடங்குங்கள், சிரிக்க வேண்டாம். போன சித்திரையில் எங்கள் வீட்டு ஏசி இரண்டு நாள் குளிரவில்லை. நானே பதறிப்போய் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் ரிமோட்டை வாங்கி ஒரே ஒரு பட்டனை அழுத்திவிட்டு, வந்ததற்கு நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பேரன் விளையாட்டாக மோடை மாற்றி 'ஃபேன்' என்பதில் வைத்திருந்தான். இருபத்தாறு வருடம் காற்றோடு வேலை செய்த மனிதனுக்கு நேர்ந்த கதி இது. திரையில் பனிப்பூ மாதிரி ஒரு சின்னம் இருக்க வேண்டும், அதுதான் கூல் மோடு. தண்ணீர்த் துளி இருந்தால் டிரை மோடு. அதில் சூடு முழுசாக இறங்காது. வைத்திருக்கும் டிகிரி அறையின் சூட்டைவிடக் குறைவாக இருக்கிறதா, டைமர் ஏதும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்றே சந்தேகமாக இருந்தால், போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் இருக்கும் சின்ன பல்பு திரையில் ஊதாவாக மினுக்க வேண்டும். மினுக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான இன்டோர் யூனிட்டில் முன்மூடியைத் தூக்கினால் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். ரிமோட் இல்லாமலே அதை அழுத்தி ஏசியை ஓட்டிப் பார்க்கலாம்.

அடுத்து கரண்ட். நம் பக்கத்தில் இதை லேசாக விடக்கூடாது. பல்லடம், சோமனூர், மங்கலம் வட்டாரத்தில் தறி குடோன் இருக்கும் வீதிகளில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை அதிகம். போதாததற்கு மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டு ஏசியும் சேர்ந்தாற்போல் ஓடும். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 180க்கு இறங்கினால் சாதா ஏசியின் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமிவிட்டு நின்றுவிடும். இன்வெர்ட்டர் ஏசி தாங்கும், ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் திரையில் வரும் எண்ணைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை குறித்து வையுங்கள். "பகலில் நன்றாகக் குளிருது, ராத்திரிதான் குளிரமாட்டேங்குது" என்பவர்களில் பலருக்கு அந்தக் குறிப்பிலேயே பதில் கிடைத்துவிடும். அப்போது போன் செய்ய வேண்டியது மெக்கானிக்குக்கு அல்ல, மின்வாரியத்துக்கு. அவர்களின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் இன்னொன்று. ஒரு முனை (பேஸ்) போனால் பாதி வீட்டில் லைட் எரியும், பாதியில் எரியாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹாலில் லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்றும் சமையலறையில் மங்கலாகவும் எரிந்தால் அது நியூட்ரல் கோளாறு. ஒரு பக்கம் 300 வோல்ட்டைத் தாண்டிக்கூடப் போகும். யோசிக்காமல் மெயினை இறக்கிவிடுங்கள். ஏசி போர்டு, டிவி, ஃப்ரிட்ஜ் என்று ஒரே நேரத்தில் எல்லாம் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்) டிரிப் ஆகியிருந்தால் ஒரு தடவை தூக்கிவிட்டுப் பாருங்கள். திரும்பவும் விழுந்தால் விட்டுவிடுங்கள். விழ விழத் தூக்கிக்கொண்டே இருப்பது நோய்க்காரனை அடித்து நடக்க வைக்கிற மாதிரி. பவர் பிளக்கைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். கருகியிருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தாலோ ஏசியை ஓட்டவே வேண்டாம், முதல் வேலை எலெக்ட்ரீஷியனுக்கு. கரண்ட் போய் வந்தவுடன் ஏசியைப் போட்டுவிட்டுக் குளிரவில்லை என்று பதறவும் வேண்டாம். கம்ப்ரசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று நிமிடம் போல் காத்திருந்துதான் கிளம்பும். ஸ்டெபிலைசரும் தன் பங்குக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

சரி, கரண்ட் ஒழுங்காக இருக்கிறது, காற்றும் வருகிறது. இப்போது கம்ப்ரசர் ஓடுகிறதா என்று தெரிய வேண்டும். அது இருப்பது அவுட்டோருக்குள், அதாவது வெளியே மாட்டியிருக்கும் பெட்டிக்குள். அவுட்டோர் மொட்டை மாடியில் இருந்தால் போய்ப் பார்க்கலாம். சுவரின் வெளிப்பக்கம் தொங்கினால் எட்டிப் பார்க்காதீர்கள். ஏணி போடாமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மின்வாரியம் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும் என்று முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். மீட்டருக்கு மீட்டர் மாறும், 3200 என்று வைத்துக்கொள்வோம். ஏசியைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜ் உட்பட. பத்து நிமிடம் ஏசி ஓடிய பிறகு ஒரு நிமிடத்துக்கு எத்தனை மினுக்கல் என்று எண்ணுங்கள். ஒன்றரை டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் ஒன்றரை கிலோவாட் அளவுக்கு இழுக்கும். அப்படியென்றால் நிமிடத்துக்கு எண்பது மினுக்கல். உள் ஃபேன் மட்டும் சுற்றினால் ஐம்பது வாட் தேறாது, நிமிடத்துக்கு மூன்று வருவதே பெரிது. எண்பதுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். மூன்றே வருகிறது என்றால் கம்ப்ரசர் கிளம்பவில்லை. காஸ் என்ற பேச்சுக்கு அவசரமில்லை. கரண்ட்டோ, கெப்பாசிட்டரோ, சென்சாரோ, அவுட்டோர் போர்டோதான் முதலில் பார்க்க வேண்டியது. எழுபது எண்பது வந்தும் குளிரவில்லை என்றால் கம்ப்ரசர் உழைக்கிறது, உழைப்பு எங்கோ வீணாகிறது. இன்வெர்ட்டர் ஏசியில் அறை குளிர்ந்த பிறகு இந்த எண் தானாகவே இருபதுக்கெல்லாம் இறங்கிவிடும். அதனால் அறை சூடாக இருக்கும்போது எண்ணுங்கள்.

இனி காற்று. கொங்கு நாட்டு ஏசிகளின் பாதிக் கதை இங்கேதான். திருப்பூர் பனியன் கம்பெனி, பல்லடம் தறி, பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் என்று ஊருக்கு ஊர் ஒரு தூசி. அதிலும் பஞ்சுத் தூசிதான் மோசம், மண் தூசி மாதிரி உதிராது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளி மாதிரி படியும். ஏசி கையேட்டில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவச் சொல்லியிருக்கும். தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

எதிர்வீட்டு அம்மிணி ஒருநாள் வந்து, "ஏனுங்ணா, ரெண்டு வருசமா காஸ் அடிச்சுட்டே இருக்கறனுங்க. வெயில் வந்தாப் போதும், தீந்து போகுதுங்க" என்றார். இரண்டு தடவையும் இரண்டாயிரத்து ஐநூறு கொடுத்திருக்கிறார். போய் முன்மூடியைத் தூக்கினேன். ஃபில்டர் வலை சுத்தமாகத்தான் இருந்தது, அவர் ஒழுங்காகக் கழுவுகிறவர். போன் டார்ச்சை அடித்து, காற்று வெளியே வரும் வாய்க்குள் பார்த்தேன். உள்ளே நீளமாக ஒரு உருளை இருக்கும், புளோயர் என்பார்கள், சுற்றிலும் சன்னமான இதழ்கள். அந்த இதழ் ஒவ்வொன்றின் வளைவிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சு அடைந்திருந்தது, பூனை மயிரைத் தடவின மாதிரி. இதழுக்கு வளைவு இருந்தால்தான் காற்றைத் தள்ளும். பள்ளத்தில் பஞ்சு நிரம்பினால் உருளை சும்மா சுற்றும், காற்று வராது. முழு ஃபேன் வேகத்திலும் எதிரே கட்டிலில் உட்கார்ந்தால் முகத்தில் ஒன்றும் படவில்லை. புளோயரைத் தண்ணீர் அடித்துக் கழுவினதும் அறை குளிர்ந்தது. காஸுக்குக் கொடுத்த ஐயாயிரம் போனது போனதுதான். அந்த இரண்டு வருடமும் காஸ் அடித்த ஆள் கூடவே மேலோட்டமாக ஒரு சர்வீஸும் செய்திருப்பார், அதனால் கொஞ்ச நாள் குளிர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எம்சிபியை இறக்கிவிட்டு வலையைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து முன்னால் தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். வலைக்குப் பின்னால் தெரியும் அலுமினியத் தகடுகளில் (காயில் என்பது இதைத்தான்) விரல் வைத்துத் தேய்க்காதீர்கள், மடங்கிவிடும், கையையும் அறுக்கும். அப்புறம் ஏசியைப் போட்டு, செய்தித்தாளில் உள்ளங்கை அகலம் ஒரு துண்டு கிழித்து இன்டோரின் மேல்பக்கம் வையுங்கள். காற்று உள்ளே போவது அந்த வழியாகத்தான்; தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வழுக்கி விழுந்தால் இழுப்பு போதவில்லை. மில்லில் பஞ்சுத் துணுக்கைப் பிடித்துப் பார்ப்போம், அதே வித்தைதான். புளோயரில் அடைப்பு தெரிந்தால் குச்சி விட்டு நோண்டாதீர்கள். அதற்கு மெக்கானிக் வரட்டும், ஆனால் "வாட்டர் சர்வீஸ் வேண்டும், புளோயரையும் காயிலையும் கழுவ வேண்டும்" என்று சொல்லிக் கூப்பிடுங்கள். செலவு சில நூறு ரூபாயோடு முடியும்.

அவுட்டோர் பக்கமும் காற்றுதான். அதன் முதுகில் இருக்கும் தகடுகளில் பஞ்சு படிந்தால் உள்ளேயிருந்து வாரிக்கொண்டு வந்த சூட்டைக் கொட்ட முடியாது. அதன்மேல் போர்வை காயப்போடுகிறவர்கள், மழைக்கு என்று நான்கு பக்கமும் தகரம் அடித்து மூடுகிறவர்கள், சந்துக்குள் எதிர்ச்சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் மாட்டுகிறவர்கள் எல்லோருமே ஏசியின் மூக்கைப் பொத்துகிறவர்கள்தான். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று நமக்குத் தெரிந்ததுதானே. அவுட்டோரின் முகம் மேற்கே பார்த்திருந்தால் அந்தக் காற்று ஃபேனை எதிர்த்து அடிக்கும், வெளியே போக வேண்டிய சூடு திரும்பி உள்ளேயே சுற்றும். கை எட்டுகிற இடத்தில் அவுட்டோர் இருந்தால், எம்சிபியை இறக்கிவிட்டு, சாதாரண ஹோஸில் மேலிருந்து கீழாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கார் கழுவுகிற பிரஷர் பம்பு வேண்டாம். போர் தண்ணீரும் வேண்டாம். திருப்பூர், பல்லடம் பக்கம் போர் தண்ணீர் காய்ந்தால் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூக்கிறதல்லவா, அது தகட்டிலும் பூக்கும். சிறுவாணி, அத்திக்கடவு, பவானி என்று எந்த ஆற்றுக் குழாய்த் தண்ணீர் வந்தாலும் அதைப் பிடித்து ஊற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குளிரவில்லையா? ஒரு தெர்மாமீட்டர் வேண்டும், காய்ச்சல் பார்ப்பதல்ல, சமையலுக்கோ மீன் தொட்டிக்கோ விற்கும் டிஜிட்டல் கம்பி போதும். அறை சூடாக இருக்கும்போது ஏசியைக் குறைந்த டிகிரியில் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, இன்டோரின் மேலே உள்ளே போகும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. அறைக்கு ஏசி போதவில்லை, அல்லது அறைக்குள் சூடு அதிகமாக இறங்குகிறது. மூன்று நான்கு டிகிரிதான் என்றால், இப்போதுதான் காஸைச் சந்தேகப்படலாம்.

காஸ் கசிவுக்குக் கண்ணுக்குத் தெரியும் தடயம் உண்டு. அவுட்டோரின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய செப்புக் குழாயும் ஒரு தடித்த குழாயும் வந்து பித்தளை நட்டில் முடிகின்றன. நன்றாக ஓடும் ஏசியில் இரண்டுமே குளிர்ந்திருக்கும், தடித்த குழாய் வியர்த்துச் சொட்டும். மெல்லிய குழாயில் மட்டும் வெள்ளையாக உறைபனி பூத்து, தடித்தது சாதாரணச் சூட்டில் இருந்தால் காஸ் குறைவு என்பதற்கு அது நல்ல அடையாளம். அடுத்து அந்த நட்டைச் சுற்றிப் பாருங்கள். காஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றும். கசிகிற இடத்தில் காஸ் பறந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். எண்ணெயில் தூசி ஒட்டி, தையல் மெஷினின் அடிப்பக்கம் மாதிரி கருப்புப் பிசுக்காக இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து நட்டின்மேல் பூசிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மகள் வீட்டில் இப்படிப் பார்த்தபோது, கடுகளவு ஒரு குமிழி மெதுவாக வீங்கி வெடித்து, அதே இடத்தில் அடுத்தது வீங்கியது. மாட்டும்போதே நட்டைச் சரியாக முறுக்கவில்லை. வந்தவர் குழாய் நுனியைப் புதிதாக விரித்து மாட்டினார், அதன் பிறகு காஸ் அடித்தார். மூன்று கோடை தாண்டிவிட்டது.

இன்டோர் காயில் பூராவும் ஐஸ் பிடித்திருந்தால் அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். கூலை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள், கீழே ஒரு பக்கெட் வையுங்கள். ஐஸ் பிடிப்பதற்கும் முதல் காரணம் காற்று போதாமைதான், காஸ் குறைவு அதற்கு அடுத்தபடி.

இன்டோரிலிருந்து சுவரில் தண்ணீர் ஒழுகுவது தனிக் கதை, ஆனால் எளிது. தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் பைப்பில் பாசியோ பஞ்சுச் சகதியோ அடைத்திருக்கும், அல்லது வெளிமுனையில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும். வெளிமுனையைத் திறந்து, சைக்கிள் பம்பால் மெதுவாக ஊதினாலே பெரும்பாலும் போய்விடும். பைப்பின் நுனி பக்கெட் தண்ணீருக்குள் முங்கியிருந்தாலும் ஒழுகும். பங்குனியில் தண்ணீரே சொட்டவில்லை என்று சிலர் பயப்படுவார்கள். அந்த நேரத்தில் நம் ஊர்க் காற்றில் ஈரமே இருக்காது, சொட்டுவதற்கு ஏது? சென்னையில் இருக்கும் ஒறம்பரை வீட்டோடு ஒப்பிடாதீர்கள். துவைக்காத சாக்ஸ் வாடை வந்தால், அணைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டிக் காயிலை உலர்த்திப் பாருங்கள்.

சில நேரம் கோளாறே இருக்காது. ஏசியின் டன் கணக்கு வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் நாற்பதைத் தொடுகிற நாளில் அதே ஏசி அவ்வளவு சூட்டை வாராது. அதிலும் மேல்மாடி அறை என்றால் பகல் பூராவும் காய்ந்த கான்கிரீட் கூரை, பொழுது சாய்ந்த பிறகுதான் சூட்டை உள்ளே விடத் தொடங்கும். ஏழு மணிக்கு அறை குளிரவில்லை, பன்னிரண்டு மணிக்குப் போர்வை தேடுகிறீர்கள் என்றால் குற்றவாளி மொட்டை மாடிதான். வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் ஒரு கை அடித்துப் பாருங்கள். மெக்கானிக்குக்குக் கொடுப்பதைவிட அந்தப் பணம் நன்றாக உழைக்கும். 16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் வீண் நம்பிக்கை. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறி போட்ட அறை ஏசிகளை 24 டிகிரியில் தொடங்கும்படிதான் விற்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதோடு ஒரு சீலிங் ஃபேன் போதும்.

தொடக்கூடாதது இரண்டு. அவுட்டோரின் மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கரண்ட்டை நிறுத்திய பிறகும் அடிக்கும், இன்வெர்ட்டர் போர்டில் இருப்பது இன்னும் மோசம். பல்லி விழுந்து போர்டு கருகியிருந்தாலும், அணில் ஒயரைக் கடித்திருந்தாலும் அதைப் பார்ப்பது தெரிந்தவர் வேலை. இரண்டாவது, காஸ் வால்வு. உங்கள் ஏசி மூன்று வருடப் பழசு என்றால் அனேகமாக ஆர்-32 காஸ், அவுட்டோர் ஸ்டிக்கரில் இருக்கும். அது தீப்பற்றும் தன்மை உள்ளது. ஆர்-290 என்று போட்டிருந்தால் அது புரொப்பேன், சமையல் காஸின் உறவுக்காரன்.

இனி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "ஏசி கூல் ஆகலைங்க" என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "ஒன்றரை டன் இன்வெர்ட்டர், ஆர்-32, மூணு வருசம். வோல்டேஜ் ராத்திரியும் 220 இருக்குதுங்க. ஃபில்டர் கழுவியாச்சு, கம்ப்ரசர் ஓடுது, உள்ளே வெளியே நாலு டிகிரிதான் வித்தியாசம். சின்னக் குழாயில் ஐஸ் பிடிக்குது, நட்டில் எண்ணெய் இருக்குதுங்க." இன்டோரில் ஏதாவது எழுத்தும் எண்ணும் சேர்ந்து மினுக்கினால் அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்தக் குறியீடு வேறு. இப்படிச் சொன்னால் தேவையான சாமானோடு வருவார், வேறு கதை சொல்லவும் யோசிப்பார். வாரன்டி கார்டை முதலில் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்குப் பல கம்பெனிகள் பத்து வருடம் வரை தருகின்றன. வெளியாளை வைத்துத் திறந்துவிட்டால் அது கைவிட்டுப் போகலாம்.

காஸ் அடிப்பதாக முடிவானால் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் கசிவை அடைக்க வேண்டும். கசிவு தேட அழுத்தம் ஏற்றினால் அது நைட்ரஜனாகத்தான் இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். பிறகு வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியாக, ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். தராசு கொண்டு வருவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.